லாரி நிற்கிறது என்றால் டிரைவர் ஓய்வெடுக்கிறார் என்று அர்த்தமில்லை

1. லாரி டிரைவர்கள் லைசென்ஸ் புதுப்பிக்கப் போகும்போது டாக்டரிடம் கையெழுத்து வாங்கிக்கொண்டு போகவேண்டிய ஒரு காகிதம் இருக்கிறது. படிவம் 1-ஏ. கண் பார்வை சரியா, சிவப்பையும் பச்சையையும் பிரித்துப் பார்க்க முடிகிறதா, 25 மீட்டர் தூரத்தில் இருக்கும் நம்பர் பிளேட் தெரிகிறதா, மாலைக்கண் உண்டா, ஹாரன் சத்தம் கேட்கிறதா, கை கால் ஒழுங்காக இயங்குகிறதா... ஏறத்தாழ இவ்வளவுதான் கேள்விகள்.

சர்க்கரை பற்றிக் கேள்வி இல்லை. பிரஷர் பற்றி இல்லை. ராத்திரி முழுக்க வண்டி ஓட்டுகிற ஒரு மனிதரிடம் தூக்கத்தைப் பற்றி ஒரு வார்த்தை கூட இல்லை.

2. நான் ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் சுற்றுவட்டாரத்தில் ஓர் அரசு மருத்துவமனையில் வேலை பார்க்கிறேன். இந்த இழை இங்கே சின்ன டிரான்ஸ்போர்ட்டுகளில் ஓடும் லாரி டிரைவர்களைப் பற்றியது. மூணு வண்டி, நாலு வண்டி வைத்திருக்கும் ஓனர்களிடம் வேலை பார்ப்பவர்கள். கொஞ்சம் நீளம். பொறுமையா படிங்க.

சொல்ல வருவது ஒன்றுதான். கம்பெனி கேட்டுக்கு வெளியே காத்திருக்கும் நேரம் ஓய்வு இல்லை, அது வேலை. அந்த வேலையை யாரும் கணக்கில் எழுதுவதில்லை. அந்த எழுதாத மணி நேரங்கள்தான் பிறகு பிரஷராக, கல்லடைப்பாக, விபத்தாக எங்களிடம் வந்து நிற்கின்றன.

3. வெளியூர் நண்பர்களுக்காக இடத்தைச் சொல்லிவிடுகிறேன். சென்னை–பெங்களூரு நெடுஞ்சாலையில் இருங்காட்டுக்கோட்டை, ஸ்ரீபெரும்புதூர், சுங்குவார்சத்திரம். அங்கிருந்து சிங்கபெருமாள்கோயில் போகும் சாலையில் வல்லம் வடகால், ஒரகடம். 1998-இல் இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய் கார் வெளிவர ஆரம்பித்தது. 2010-இல் ஒரகடத்தில் ரெனோ–நிசான். 2012-இல் அதே ஒரகடத்தில் பாரத்பென்ஸ் லாரி தயாரிக்கும் டைம்லர் ஆலை. புல்லட், டயர், கண்ணாடி, செல்போன் ஆலைகளும் இந்தப் பகுதிக்கு வந்தன.

நாட்டுக்கே லாரி செய்து அனுப்புகிற ஊர் இது. அந்த ஊரில் லாரி ஓட்டுகிறவர் குளிக்க இடம் தேடி பெட்ரோல் பங்க் பெட்ரோல் பங்க்காகப் போய் நிற்கிறார்.

4. சரக்கு எப்படி நகர்கிறது என்பதைப் புரிந்துகொண்டால்தான் நோய் புரியும். ஆலைக்குச் சரக்கு வேண்டும். அந்த வேலையை ஒரு பெரிய லாஜிஸ்டிக்ஸ் கம்பெனி எடுக்கிறது. அவர்களிடம் எல்லா லோடுக்கும் சொந்த வண்டி இருக்காது. கீழே ஒரு டிரான்ஸ்போர்ட்டருக்குக் கொடுப்பார்கள். அவர் ஃபைனான்ஸில் நாலு லாரி வாங்கி ஓட்டும் சின்ன ஓனரைக் கூப்பிடுவார். ஓனர் டிரைவருக்கு போன் போடுவார்.

மேலிருந்து கீழே வரவர காசு குறையும், அவசரம் கூடும். கடைசியில் இருப்பவருக்கு அவசரம் மட்டும் முழுசாக வந்து சேரும்.

5. கார் ஆலைகளில் பாகங்களை மாதக்கணக்கில் கிடங்கில் அடுக்கி வைப்பதில்லை. தேவைப்படும் நேரத்துக்கு வந்து சேர்ந்தால் போதும் என்பதுதான் முறை. ஆலைக்கு இது நல்ல லாபம். ஆனால் கிடங்கு இல்லாமல் போகவில்லை. அது ரோட்டோரத்துக்கு இடம் மாறியிருக்கிறது. வரிசையில் நிற்கும் ஒவ்வொரு லாரியும் சக்கரம் வைத்த கிடங்கு. டிரைவர்தான் அதற்கு வாட்ச்மேன், சம்பளம் இல்லாத வாட்ச்மேன்.

6. ஏன் சம்பளம் இல்லை என்கிறேன்? சின்ன கம்பெனிகளில் பெரும்பாலும் டிரிப் கணக்கு. இத்தனை டிரிப்புக்கு இவ்வளவு, அதோடு பேட்டா. சில இடங்களில் வாடகையில் இத்தனை பர்சன்ட். வண்டி ஓடினால் காசு, நின்றால் இல்லை. ஹால்டிங் சார்ஜ் என்று ஒன்று பில்லில் வந்தாலும் அது டிரைவர் கைக்கு வருவது அபூர்வம் என்றுதான் வருகிறவர்கள் எல்லாரும் சொல்கிறார்கள்.

முன்பெல்லாம் வண்டிக்கு ஒரு கிளீனர் இருப்பார். பேச்சுத் துணை, காவல், பின்னால் பார்த்துச் சொல்ல ஒரு ஆள். செலவைக் குறைக்க முதலில் அவரை நிறுத்தினார்கள். இப்போது எல்லாமே ஒரே ஆள்தான்.

7. ஒரு சாதாரண டிரிப்பை மணிக்கணக்கில் பார்ப்போம். டிரைவர் காலை 7 மணிக்கு எழுகிறார். மதியம் ஓசூரில் லோடுக்கு நிற்கிறார். ராத்திரி 8 மணிக்குக் கிளம்புகிறார். கிருஷ்ணகிரி, ஆம்பூர், வேலூர், வாலாஜா, காஞ்சிபுரம் தாண்டி ஒரகடம் வரும்போது விடியற்காலை 4 மணி. கணக்குப் போட்டுப் பாருங்க, கண் விழித்து 21 மணி நேரம்.

டோக்கன் போட்டுவிட்டு வரிசையில் நிற்கிறார். கேட்டுக்குள் போக 11 மணி. இறக்கி முடிக்க 2 மணி. வெளியே வருவதற்குள் ஓனர் போன்: "பக்கத்துல ஒரு லோடு இருக்குப்பா, ஏத்திக்கிட்டே போயிடு."

8. இங்கே கொஞ்சம் மருத்துவம். 1997-இல் 'நேச்சர்' இதழில் டாசன், ரீட் என்ற இரண்டு ஆய்வாளர்கள் ஓர் எளிய சோதனையை வெளியிட்டார்கள். 17 மணி நேரம் தூங்காமல் இருப்பவரின் கவனமும் கைவேகமும், ரத்தத்தில் 100 மில்லிக்கு 50 மில்லிகிராம் ஆல்கஹால் இருப்பவரின் அளவுக்குக் குறைந்துவிடுகிறது. 24 மணி நேரம் என்றால் ஏறத்தாழ 100 மில்லிகிராம் அளவுக்கு.

நம் நாட்டுச் சட்டம் வண்டி ஓட்டுபவருக்கு அனுமதிப்பது 30 மில்லிகிராம்.

அதாவது மேலே சொன்ன நம்ம டிரைவர் ஒரு சொட்டு கூடத் தொடாமல், சட்டம் அனுமதிக்கும் அளவைத் தாண்டிய நிலையில் காஞ்சிபுரத்தைக் கடக்கிறார். அதை ஊதிப் பார்த்துக் கண்டுபிடிக்க போலீஸிடம் கருவி இல்லை.

9. இன்னொன்று. உடம்புக்குள் ஒரு கடிகாரம் இருக்கிறது. விடியற்காலை 2 மணியிலிருந்து 6 மணி வரை அது "தூங்கு" என்று இழுக்கும். அந்த நேரத்தில் மூளை மூன்று நாலு விநாடி அணைந்து அணைந்து எரியும். கண் திறந்தே இருக்கும், ஆனால் எதுவும் பதியாது. 60 கிலோமீட்டர் வேகத்தில் போகும் லாரி 4 விநாடியில் 65 மீட்டருக்கு மேல் போய்விடும். அத்தனை டன் எடையும் ஓட்ட ஆளில்லாமல் போகிற 65 மீட்டர்.

பாட்டுச் சத்தத்தைக் கூட்டினாலும், முகத்தில் தண்ணி அடித்தாலும், உதட்டில் ஹான்ஸ் வைத்தாலும் இது நிற்காது. தூக்கத்துக்கு மருந்து தூக்கம் மட்டும்தான்.

10. "அதான் ஏழு மணி நேரம் கேட்டுல நின்னாரே, அப்போ தூங்க வேண்டியதுதானே?" என்று கேட்பீர்கள். ஓனர்களும் கேட்கிறார்கள். நானும் ஓ.பி.யில் கேட்டுப் பார்ப்பேன்.

"தூக்கம் எப்படிண்ணா?"

"தூக்கத்துக்கென்ன மேடம், வண்டி நின்னா தூங்க வேண்டியதுதான்."

"நேத்து எவ்ளோ நேரம் நின்னுச்சு?"

"ஒன்பது மணி நேரம்."

"எவ்ளோ தூங்குனீங்க?"

சிரிப்பார்கள். "கண்ணை மூடுனா முன்னாடி வண்டி நகருது மேடம். நாம நகத்தலைன்னா பின்னாடி இருக்கிறவன் உள்ள பூந்துருவான்."

ஆள் மாறும், ஊர் மாறும், பதில் ஏறத்தாழ இதேதான்.

11. இருபது நிமிஷத்துக்கு ஒருமுறை வண்டியை நகர்த்தணும். செக்யூரிட்டி எப்போது கூப்பிடுவார் என்று காதைத் தீட்டி வைத்திருக்கணும். டீசல் திருடு போகாமல், பேட்டரி கழற்றாமல் பார்த்துக்கணும். மே மாத வெயிலில் தகரக் கேபின் கொதிக்கும். ராத்திரி கொசு. எழுந்து போய் ஒதுங்க இடம் கிடையாது.

2025-இல் இருந்து புதிதாகத் தயாராகும் நடுத்தர, கனரக லாரிகளுக்கு ஏசி கேபின் கட்டாயம் ஆகியிருக்கிறது. நல்ல விஷயம். ஆனால் சின்ன ஓனர் வாங்குவது இரண்டாம் கை, மூன்றாம் கை வண்டி. அந்த ஏசி இவர்களிடம் வந்து சேர பத்து வருடம் ஆகும். வந்தாலும் இன்ஜினை ஓடவிட்டு ஏசி போட்டுத் தூங்க டீசல் காசு யார் தருவார்?

12. சரி, இது உடம்பில் எப்படி வந்து உட்காருகிறது? எங்கள் மேஜைக்கு வருவது இவைதான்.

சிறுநீரகக் கல். இறங்கி ஒதுங்க இடம் இல்லை என்பதால் தண்ணி குடிப்பதைக் குறைத்துக்கொள்கிறார்கள். வெயில், வியர்வை, கெட்டியான சிறுநீர்: கல்லுக்கு வேறென்ன வேண்டும்?

மூலம். நாள் முழுக்க உட்கார்ந்த இடம், பரோட்டா, அடக்கி வைக்கும் பழக்கம்.

முதுகுத் தண்டு வலி. சீட்டின் அதிர்வு வருடக்கணக்கில் ஏறினது.

சர்க்கரை, பிரஷர். 40 வயதுக்குள்.

குறட்டை. இதை நோய் என்று யாரும் சொல்லிக்கொண்டு வருவதில்லை. ஆனால் தடித்த கழுத்து, பலத்த குறட்டை, பகலில் தூக்கம் மூன்றும் சேர்ந்தால் தூக்கத்தில் மூச்சு அடைபடும் நோயாக இருக்கலாம். எட்டு மணி நேரம் தூங்கினாலும் அவருக்குத் தூங்கின பலன் இருக்காது.

பார்த்தாலே தெரியும் ஒன்றும் உண்டு: இடது கையைவிட வலது கை கருத்திருக்கும். ஜன்னல் பக்கம் வருஷக்கணக்காக வெயில் வாங்கின கை அது.

13. மக்களைத் தேடி மருத்துவம் தெரியும் அல்லவா? 2021 ஆகஸ்டில் கிருஷ்ணகிரி மாவட்டத்தில் தொடங்கிய திட்டம். சர்க்கரை, பிரஷர் மாத்திரை வீட்டுக்கே வரும். மிக நல்ல திட்டம். டிரைவர் வீட்டுக்கும் வருகிறது. மனைவி வாங்கி வைக்கிறார். ஆனால் பிரஷர் பார்க்க ஆள் வேண்டுமே? "அவர் வண்டியில இருக்கார்."

மாத்திரை வீட்டுக்கு வருது, மனுஷன் வர்றதில்லை.

2024-இல் தொழிலாளரைத் தேடி மருத்துவம் என்று ஆலைகளுக்குள்ளும் பரிசோதனை தொடங்கினார்கள். அதுவும் நல்லது. ஆனால் டிரைவர் ஆலையின் ஆள் இல்லை. அவர் கேட்டுக்கு அந்தப் பக்கம். வீட்டுக் கணக்கிலும் இல்லை, ஆலைக் கணக்கிலும் இல்லை.

14. இது டிரைவர் பிரச்சினை மட்டும் இல்லை. இந்தச் சாலைகளில் ராத்திரி ஷிப்ட் முடிந்து பைக்கில் வீட்டுக்குப் போகும் பசங்க ஆயிரக்கணக்கில். "சாலையோரம் நின்றிருந்த லாரி மீது பைக் மோதி வாலிபர் பலி." பேப்பரில் இரண்டு வரி. எங்களுக்கு அது இரண்டு வரி இல்லை.

2022-இல் தமிழ்நாட்டில் பதிவான சாலை விபத்துகள் 64,105. நாட்டிலேயே அதிகம். இறந்தவர்கள் 17,884 பேர். எல்லாவற்றுக்கும் லாரி காரணம் என்று சொல்லவில்லை. ஆனால் இருட்டில், பின் விளக்கு இல்லாமல், தார் ரோட்டின் ஓரத்தில் லாரி நிற்பதற்கு ஒரு காரணம் உண்டு. நிற்க வேறு இடம் தரவில்லை. அந்த டிரைவர் ஆசைப்பட்டு அங்கே நிற்கவில்லை.

15. "சட்டம்னு ஒண்ணு இல்லையா டாக்டர்?" இருந்தது. 1961-இல் மோட்டார் போக்குவரத்துத் தொழிலாளர் சட்டம் போட்டார்கள். ஒரு நாளைக்கு 8 மணி நேரம், வாரத்துக்கு 48. நெடுந்தூரம் என்றால் அனுமதியோடு 10 மணி, வாரத்துக்கு 54. ஒரு நாள் வேலைக்கும் அடுத்த நாள் வேலைக்கும் நடுவே தொடர்ச்சியாக 9 மணி நேர ஓய்வு. எவ்வளவு தெளிவு பாருங்க!

ஆனால் அது 5 தொழிலாளர்களோ அதற்கு மேலோ இருக்கும் நிறுவனத்துக்கு. நாலு வண்டி, நாலு டிரைவர் வைத்திருப்பவர் வெளியே. 2025 நவம்பர் 21 முதல் அந்தச் சட்டத்தின் இடத்தில் புதிய தொழிலாளர் சட்டத் தொகுப்பு அமலுக்கு வந்திருக்கிறது. அதில் அந்த எண்ணிக்கை 10.

இ.எஸ்.ஐ. வேண்டும் என்றால் பொதுவாக 10 பேர் இருக்கணும். பி.எஃப்.க்கு 20 பேர். சின்ன டிரான்ஸ்போர்ட் டிரைவர் எல்லாக் கதவுக்கும் வெளியே நிற்கிறார்.

16. தலை எண்ணிக்கையை வைத்துப் பாதுகாப்புக் கொடுப்பதில் ஒரு பெரிய ஓட்டை இருக்கிறது. தூக்கத்தில் கண் அசரும் டிரைவர் 100 லாரி கம்பெனியைச் சேர்ந்தவரா, 3 லாரி கம்பெனியைச் சேர்ந்தவரா என்று எதிரே வருபவருக்குத் தெரியப்போவதில்லை. ஆபத்து இருப்பது லாரியில். ஓனரிடம் எத்தனை பேர் வேலை பார்க்கிறார்கள் என்பதில் இல்லை. ஒரே ஒரு லாரி ஓடினாலும் இன்சூரன்ஸ் கட்டாயம், எஃப்.சி. கட்டாயம். டிரைவரின் ஓய்வு மட்டும் ஏன் ஆள் கணக்கு பார்த்து?

17. இதைப் படித்துவிட்டு ஓனர்களைத் திட்டக் கிளம்பாதீங்க. சின்ன ஓனர்களில் பலர் நேற்றைய டிரைவர்கள். சங்ககிரி, நாமக்கல் பக்கம் கிளீனராகத் தொடங்கி, டிரைவராகி, மனைவி நகையை வைத்து முதல் வண்டி எடுத்தவர்கள். டியூ, டீசல், டயர், டோல், இன்சூரன்ஸ் எல்லாம் கையிலிருந்து முதலில் போகும். வாடகைப் பணம் இரண்டு மூணு மாசம் கழித்து வரும். வர்ற பணத்தில் "லேட்", "டேமேஜ்" என்று பிடித்தம் வேறு. ஒரு டிரைவர் வரவில்லை என்றால் அவரே ஸ்டியரிங்கில் உட்காருவார். அவருக்கும் பிரஷர் இருக்கிறது, அவரும் எங்களிடம்தான் வருகிறார்.

டிரைவருக்கு 9 மணி நேர ஓய்வு கொடுத்தே தீருவேன் என்று ஒரு சின்ன ஓனர் தனியாக நின்றால், அடுத்த லோடு பக்கத்து ஓனருக்குப் போய்விடும்.

18. அப்போ மாற்றக்கூடியவர் யார்? கேட்டைத் திறக்கிறவர். சரக்கு யாருக்காக வருகிறதோ அவர்.

ஒரு லாரி எத்தனை மணிக்கு வந்தது, டோக்கன் எப்போது, உள்ளே எப்போது, வெளியே எப்போது எல்லாம் அவர்கள் கம்ப்யூட்டரில் இருக்கிறது. வண்டியில் ஜி.பி.எஸ். இருக்கிறது. சரக்கோடு போகும் இ-வே பில்லுக்குக் கூட 200 கிலோமீட்டருக்கு ஒரு நாள் என்று ஆயுள் கணக்கு உண்டு. காகிதத்துக்கு எப்போது ஆயுள் முடியும் என்று நமக்குத் தெரியும். அதைக் கொண்டுவருகிற மனிதர் கடைசியாக எப்போது தூங்கினார் என்று மட்டும் தெரியாது.

19. இந்தப் பகுதியில் மனசு வைத்தால் முடியாதது எதுவும் இல்லை. 2021 டிசம்பரில் ஒரு விடுதிச் சாப்பாட்டால் உடம்பு கெட்டு, செல்போன் ஆலைப் பெண்கள் பலர் மருத்துவமனையில் சேர்ந்தார்கள். அவர்களோடு வேலை பார்த்தவர்கள் சென்னை–பெங்களூரு நெடுஞ்சாலையில் உட்கார்ந்தார்கள். 2024 ஆகஸ்டில் வல்லம் வடகாலில் 18,720 பெண்கள் தங்கும் குடியிருப்பை சிப்காட் கட்டித் திறந்தது. அடுத்த மாதம் சுங்குவார்சத்திரம் சாம்சங் ஆலையில் 37 நாள் வேலைநிறுத்தம் நடந்தது. நாடே திரும்பிப் பார்த்தது.

ஒரே கூரைக்குக் கீழே ஆயிரம் பேர் இருந்தால் குரல் வெளியே கேட்கும். ஆயிரம் டிரைவர்கள் முந்நூறு ஓனர்களிடம் பிரிந்து கிடந்தால்? யாருக்கு எதிராக, எந்த வாசலில் உட்காருவது? நிற்கிற வாசல் ஒருவருடையது, சம்பளம் தருகிறவர் வேறொருவர்.

20. எங்கள் துறையைப் பற்றியும் ஒன்று சொல்லணும். 1986-இல் சென்னையில்தான் இந்தியாவின் முதல் எச்.ஐ.வி. தொற்று கண்டறியப்பட்டது. அதற்குப் பிறகு லாரி டிரைவர் என்றாலே பொது சுகாதாரத்துக்கு அந்த ஒரு நோய்தான். திட்ட ஆவணங்களில் அவர்களுக்குக் கொடுத்த பெயர் "பாலம்". தொற்றை ஓரிடத்திலிருந்து வீட்டுக்குக் கடத்தும் பாலம்.

அந்தத் திட்டங்கள் பலன் தந்தன, மறுக்கவில்லை. லாரி நிற்கும் இடங்களில் கிளினிக் வைத்தோம், சாயங்காலம் திறந்து வைத்தோம், அவர்கள் மொழியில் பேசினோம். அதாவது டிரைவரைத் தேடிப் போக நமக்குத் தெரியும். அவரால் மற்றவர்களுக்கு நோய் வரும் என்று பயந்தபோது போனோம். அவருக்கே நெஞ்சு வலிக்கும்போதும் போகலாமே.

21. வெளிநாட்டிலும் பார்ப்போம். ஐரோப்பாவில் நாலரை மணி நேரம் ஓட்டினால் 45 நிமிடம் நிறுத்தியே ஆகணும். வண்டியில் உள்ள கருவி பதிவு செய்யும், மீறினால் அபராதம். ஜப்பானில் 2024 ஏப்ரல் முதல் லாரி டிரைவரின் கூடுதல் வேலைக்கு வருடத்துக்கு 960 மணி நேரம் என்று உச்ச வரம்பு. அதோடு இன்னொன்றும் செய்தார்கள். சரக்கு ஏற்றவும் இறக்கவும் காத்திருக்கவும் சேர்த்து லாரி 2 மணி நேரத்துக்குள் வெளியே போகணும் என்று ஆலைகளுக்கும் கிடங்குகளுக்கும் வழிகாட்டுதல் கொடுத்தார்கள். லோடு கொடுக்கிறவருக்கும் வாங்குகிறவருக்கும் அதில் பொறுப்பு உண்டு.

ஜப்பான் முதலீட்டில் நம்ம ஒரகடம் பக்கமே பல ஆலைகள் ஓடுகின்றன. அங்கே எழுதின விதியை இங்கே தமிழில் எழுத முடியாதா?

22. "டிரைவர்ங்க குடிக்கிறாங்க, வேகமா போறாங்க, அவங்க தப்பு இல்லையா?" வரப்போகும் கமெண்ட் இது, அதனால் இப்போதே பதில். குடித்துவிட்டு ஓட்டுவது குற்றம், அதில் சமாதானம் கிடையாது. ஆனால் சேவ்லைஃப் ஃபவுண்டேஷன் 2020-இல் வெளியிட்ட ஆய்வில், 10 நகரங்களில் 1,200-க்கும் மேற்பட்ட லாரி டிரைவர்களைக் கேட்டார்கள். சராசரியாக ஒரு நாளைக்கு ஏறக்குறைய 12 மணி நேரம் ஓட்டுகிறார்கள். கிட்டத்தட்டப் பாதிப்பேர் தூக்கம், களைப்போடு ஓட்டுவதாக ஒத்துக்கொண்டார்கள். பாதிப்பேர் ஒரே தப்பைச் செய்தால், தப்பு ஆளிடம் மட்டும் இல்லை, வேலை நடக்கும் விதத்திலும் இருக்கிறது.

23. என்ன செய்யலாம்? நான் கேட்பது ஐந்து.

ஒன்று, கேட் கணக்கு. வந்த நேரம், போன நேரம் இரண்டையும் டிரைவர் கையில் சீட்டாகக் கொடுங்கள். 2 மணி நேரத்துக்கு மேல் நின்றால் காத்திருப்புக் கட்டணம், அதில் ஒரு பங்கு நேராக டிரைவர் கணக்குக்கு. காத்திருப்புக்குக் காசு கொடுக்க வேண்டி வந்தால் ஆலைகள் தானாக வரிசையைக் குறைக்கும்.

இரண்டு, போனில் டோக்கன். பேங்கில் நம்பர் வருவது மாதிரி, முறை வருவதற்கு அரை மணி முன்னால் மெசேஜ். வண்டியை ஓரிடத்தில் போட்டுவிட்டு அவர் நிம்மதியாகத் தூங்கலாம். இதற்குப் பெரிய செலவே இல்லை.

மூன்று, நிறுத்துமிடம். விளக்கு, காவல், கழிப்பறை, குளியலறை, குடிதண்ணீர், கட்டில். 2024 பிப்ரவரியில் பிரதமர் நெடுஞ்சாலைகளில் டிரைவர்களுக்காக 1,000 ஓய்வு இல்லங்கள் கட்டப்படும் என்று அறிவித்தார். வரட்டும். ஆனால் எங்கள் ஊரில் டிரைவர் அதிக நேரம் கழிப்பது ஆலை வாசலில். ஒவ்வொரு சிப்காட் வளாகத்துக்கும் அப்படி ஒன்று வேண்டும்.

நான்கு, அந்த நிறுத்துமிடத்திலேயே சாயங்காலம் 6 முதல் 10 வரை ஒரு நர்ஸ், ஒரு பிரஷர் கருவி, ஒரு சர்க்கரை கருவி. எந்த மாவட்டத்து மருந்துச் சீட்டு என்றாலும் மாத்திரை கிடைக்கணும். படிவம் 1-ஏவிலும் தூக்கம், சர்க்கரை, பிரஷர் பற்றிய கேள்விகள் வேண்டும். லைசென்ஸைப் பிடுங்குவதற்காக இல்லை, வைத்தியம் பார்ப்பதற்காக. பிடுங்குவோம் என்று பயமுறுத்தினால் எல்லாரும் மறைப்பார்கள்.

ஐந்து, ஓய்வு நேரச் சட்டம் ஆள் கணக்கில் வேண்டாம், லாரி கணக்கில் வேண்டும்.

24. "செலவு கூடும், சரக்கு விலை ஏறும்" என்பார்கள். செலவு இப்போதும் இருக்கிறது. பில் வேறு இடத்துக்குப் போகிறது. நம்மைக் காக்கும் 48 திட்டத்தில் விபத்தில் அடிபட்டவருக்கு முதல் 48 மணி நேரம் அரசு காசில் சிகிச்சை. அது நம் வரிப்பணம். டயாலிசிஸ் நம் வரிப்பணம். குடும்பத் தலைவர் படுத்துவிட்டால் பத்தாம் வகுப்போடு நின்றுபோகும் பிள்ளையின் படிப்புக்கு யாரும் பில் கூடப் போடுவதில்லை.

25. இதைப் படிக்கும் டிரைவர் அண்ணன்களுக்கு, தம்பிகளுக்கு. (வாட்ஸ்அப் குரூப்பில் போடுங்க.)

தூக்கம் வந்தால் டீ குடித்துவிட்டு உடனே 20 நிமிஷம் கண்ணை மூடுங்க. டீ வேலை செய்ய ஆரம்பிக்கும்போது எழுந்திருப்பீங்க. இது அடுத்த நிறுத்துமிடம் வரை போகத்தான், ராத்திரி முழுக்க ஓட்ட இல்லை.

சளி, அலர்ஜிக்கு மாத்திரை வாங்கும்போது "நான் டிரைவர், தூக்கம் வராத மாத்திரை கொடுங்க" என்று சொல்லியே வாங்குங்க.

சர்க்கரை மாத்திரை போட்டால் சாப்பிடாமல் ஓட்டாதீங்க. கை நடுங்கி வியர்த்தால் வண்டியை ஓரம் கட்டி, இனிப்பாக ஏதாவது சாப்பிடுங்க. இன்சுலினை டேஷ்போர்டு வெயிலில் வைக்காதீங்க.

நெஞ்சு, தாடை, இடது கை இறுக்கினால் "கேஸ்" என்று சோடா குடித்துவிட்டு ஓட்டாதீங்க. 108.

அமைப்புசாரா ஓட்டுநர் நல வாரியத்தில் பதிவு செய்யுங்க. வேலையில் அடிபட்டால் இழப்பீடு கேட்கும் உரிமை ஒரே ஒரு லாரி வைத்திருக்கும் ஓனரிடம் வேலை பார்ப்பவருக்கும் உண்டு. வண்டி இன்சூரன்ஸில் அதற்கு இடம் இருக்கிறது.

26. வீட்டில் இருப்பவர்களுக்கு. பலமாகக் குறட்டை விட்டு நடுவில் மூச்சு நின்று திணறி எழுந்தால், அடுத்த லீவில் கையோடு அழைத்து வாங்க. மாத்திரை டப்பாவை வீட்டில் ஒன்று, வண்டியில் ஒன்று வையுங்க. போன் போடும்போது "எங்க இருக்க" என்று மட்டும் கேட்காமல் "தூங்குனியா" என்றும் கேளுங்க. வண்டி ஓட்டும்போது எடுக்கவில்லை என்றால் திட்டாதீங்க.

27. ஆலைகளில் ஹெச்.ஆர்., லாஜிஸ்டிக்ஸ், பர்சேஸ் வேலையில் இருக்கும் நண்பர்கள் நிறைய பேர் இந்தப் பக்கத்தைப் படிக்கிறீர்கள் என்று தெரியும். சட்டம் வரும்வரை காத்திருக்க வேண்டாம். உங்கள் கேட் ரிஜிஸ்டரில் போன மாசக் கணக்கை எடுத்துப் பாருங்க. ஒரு லாரி சராசரியாக எத்தனை மணி நேரம் நிற்கிறது? அந்த எண்ணை அடுத்த மீட்டிங்கில் ஒரு ஸ்லைடில் போடுங்க. உங்கள் கேன்டீனில் சாப்பாடும், பாத்ரூமும் டிரைவர்களுக்குத் திறந்திருக்கிறதா என்றும் பாருங்க. திறந்து வைத்திருக்கும் கம்பெனிகளும் இருக்கின்றன. அவர்களுக்கு ஒரு நன்றி.

28. உங்கள் ஆலையில், உங்கள் ஊரில் இந்தக் காத்திருப்பு எத்தனை மணி நேரம் என்று கீழே எழுதுங்க. கம்பெனி பெயர் வேண்டாம், மணி நேரம் போதும். டிரைவர்களோ ஓனர்களோ உடம்பு பற்றிக் கேட்க நினைத்தால் அதையும் கேளுங்க. ஓ.பி. முடிந்ததும் ஒவ்வொன்றாகப் பதில் போடுகிறேன்.